மாப்பிள்ளைத் தோழன்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் உண்டு. போன கடிதத்தில் வானிலை அறிக்கை மட்டும்தான் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, உன் கடிதத்தை நான் படித்துக் காட்டும்போது மட்டும் வலி தெரிவதில்லை என்கிறாள். அவளுக்கு எழுத்து தெரியாதது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. காய்ச்சல், சத்தம், குளிர் என்று நீ எழுதுவதையெல்லாம் முழுங்கிவிட்டு, "நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்பதை இரண்டு தரம் படித்துவிடுவேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. தையல் மிஷினிலிருந்து எழுந்து மேசைக்கு வந்துவிட்டேன். இப்போது நான் சரிபார்ப்பாளர். முப்பத்திரண்டு பெண்கள் தைப்பதை நான் ஒருத்தி பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் சட்டை வெளியே போகும். என்ன சட்டை என்று கேள். உங்களுக்கான குண்டு துளைக்காத சட்டைதான்! துணி உறையை மட்டும் நாங்கள் தைக்கிறோம். முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு பை. இரும்பைவிடக் கடினமான தகடு வேறு தொழிற்சாலையிலிருந்து வரும். அதைப் பையில் இறக்கி, வாயைத் தடித்த நைலான் நூலால் தைத்துவிடுவோம். கடைசித் தையலைப் பெரும்பாலும் நானே போடுகிறேன். உன் பள்ளிக்கூடச் சட்டைக் காலரில் தொலையாமலிருக்கப் போடுவேனே மூன்று பெருக்கல் குறி, அதே குறிதான். கை தானாகப் போடுகிறது.

எங்கள் பெண்களின் குறும்பையும் கேள். பை சரியான அளவா, பாரம் தாங்குமா என்று பார்க்க, அதே வடிவத்தில் பிளைவுட் வெட்டி இரும்புப் பட்டை அடித்து நாற்பது பலகை வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் அதற்கு டம்மி என்று பெயர். இவர்கள் விடுவார்களா? நிஜத் தகடு மாப்பிள்ளை, டம்மி மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளை வரும்வரை இடம் பிடித்து உட்கார்ந்திருப்பான், வந்ததும் எழுந்துவிட வேண்டும். "என்னக்கா, மாப்பிள்ள வந்தாச்சா?" "எங்க வந்தாரு, தோழன்தான் ஜம்முனு உக்காந்திருக்கான்." நாள் முழுக்க இந்தப் பேச்சுதான்.

உனக்குச் சட்டை வந்துவிட்டதா? குறி இருக்கிறதா என்று பார்த்து எழுது. காதை மூடிக்கொண்டு படு.

உன் அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். மேசைக்காரி ஆனதற்கு வாழ்த்து. இனி உன்னிடம் பேச முன் அனுமதி வாங்க வேண்டுமோ?

மாப்பிள்ளை, தோழன் கதையைப் படித்து எங்கள் பிரிவே சிரித்தது. ஆனால் அக்கா, சட்டை வரவில்லை. நாங்கள் நாற்பத்தொரு பேர், சட்டை பதினொன்று. காவலுக்குப் போகிறவன் திரும்பி வருகிறவனிடம் கழற்றி வாங்கிப் போட்டுக்கொள்கிறான். அடுத்தவன் வியர்வை இன்னும் ஆறியிருக்காது. குட்டையன் போட்டது நெட்டையனுக்கு வயிற்றுக்கு மேலே நிற்கிறது. நீங்கள் தைப்பதெல்லாம் எங்கேதான் போகிறது?

இங்கே ஒருவர் இருக்கிறார், வாத்தியார் என்று கூப்பிடுகிறோம். யார் கடிதம் எழுதினாலும் வாங்கி எழுத்துப்பிழை திருத்தாமல் விடமாட்டார். இந்தக் கடிதத்திலும் ஏழு இடத்தில் கை வைத்துவிட்டார். கீழே அவரே ஏதோ எழுத வேண்டுமாம்.

உன் தம்பி

(அம்மையாருக்கு வணக்கம். தங்கள் தம்பியின் 'ர'கர 'ற'கரக் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல. சின்ன வயதில் காதைத் திருகியிருக்க வேண்டும். – வாத்தியார்)

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். வாத்தியாருக்கு என் வணக்கம். காதை நிறையவே திருகியிருக்கிறேன், பலன் இல்லை என்று சொல்.

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. சட்டை எங்கே போகிறது என்று கேட்டாயே, எங்கேயும் போகவில்லை. இங்கேதான் இருக்கிறது. தைத்த உறைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கின்றன, மதியம் எங்கள் பெண்கள் அதன்மேல் சாய்ந்துதான் சாப்பிடுகிறார்கள். தகடு வரவில்லை. சோதனைச் சான்று இல்லாமல் தகட்டை அனுப்ப மாட்டோம் என்கிறது தொழிற்சாலை. ஆர்டரில் கையெழுத்து ஆகாமல் சோதனை செய்ய மாட்டோம் என்கிறது ஒரு அலுவலகம். கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். நவம்பரிலிருந்து இதே பாட்டு, கையிருப்பில் இருந்த பழைய தகடும் ஜனவரியோடு தீர்ந்துவிட்டது. மேலாளரிடம் போய் நின்றேன். "அடுத்த வாரம் வந்துடும்மா" என்றார். அவருடைய அடுத்த வாரம் எப்போதும் அடுத்த வாரமாகவே இருக்கிறது.

சித்தி மறுபடி எனக்கு வரன் கொண்டுவந்தாள். நான் சட்டைக் கவலையில் இருக்கிறேன், அவள் ஜாதகக் கவலையில் இருக்கிறாள்.

தலையைத் தாழ்த்தியே நட.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்கா,

எனக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி வருவதை அம்மாவிடம் முழுங்கிவிடு.

எங்கள் சமையல்காரருக்குத் தோளில் பட்டுவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனவர். சமையல்காரருக்கு எதற்குச் சட்டை என்று அவரை முறையில் சேர்க்காமலே விட்டிருந்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, கை தூக்க முடியாது என்கிறார்கள். வாத்தியார் எழுத எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேலே ஒரு மனு அனுப்பினோம். "விரைவில் அனுப்பி வைக்கப்படும்" என்று பதில் வந்தது. போன மனுவுக்கும் இதே பதில், அதே எழுத்துப்பிழையோடு. வாத்தியார் அதைத் திருத்தித் திருப்பி அனுப்ப இருந்தார், பிடித்து நிறுத்தினோம்.

அக்கா, எங்களுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற ஒரே ஆள் நீதான். சண்டை போடு. பள்ளிக்கூடத்தில் என் பென்சில் பெட்டியைப் பிடுங்கினவன் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டாயே, அந்த மாதிரி போடு.

தம்பி

மார்ச் 29

அன்புத் தம்பிக்கு,

நலம். அம்மா விசாரித்தாள். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் ஒரு வாரமாகத் தச்சு வேலை, அறுக்கிற சத்தத்தில் காதே போயிற்று.

சட்டைகள் நேற்று லாரி ஏறிவிட்டன. நானூற்றிருபது. உங்கள் முகாமுக்கும் வரும்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு.

மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. தோழன்தான் உட்கார்ந்திருக்கிறான். புரிந்து நடந்துகொள்.

உங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள் என்று சொல்கிறார்களே, நிஜமா?

அக்கா

ஏப்ரல் 18

என் அருமை அக்காவுக்கு,

நலம், நலம், நலமோ நலம்! சட்டை வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று. புதுசு, மடிப்புக் கலையாமல், மிஷின் எண்ணெய் வாசனையோடு. நீ வேலை முடிந்து வந்தால் உன் புடவையில் அடிக்குமே, அதே வாசனை. உன் குறி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். பாதிக்கு மேல் இருந்தது, அதில் என் அளவுக்குச் சரியானது இன்னொருவன் கையில். நாலு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து மாற்றிக்கொண்டேன். இப்போது மூன்று பெருக்கல் குறியும் என் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது. "எங்க அக்கா கை தச்சது" என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை. நீ போட்ட சண்டையில்தான் வந்தது என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் இன்னொரு விஷயத்தை மறைத்து மறைத்து எழுதுகிறாயே! மாப்பிள்ளை வரவில்லை, தோழன்தான் வந்து உட்கார்ந்திருக்கிறானா? சித்தி கொண்டுவந்த வரன்தானே? பெண் பார்க்கத் தோழனை அனுப்புகிற மாப்பிள்ளையை நம்பாதே. தோழன் லட்சணமாக இருந்தால் அவனையே பிடித்துப் போடு. "புரிந்து நடந்துகொள்" என்று எதற்கு எழுதியிருக்கிறார், இந்த வரி ஒட்டவில்லையே என்று வாத்தியார் முகத்தைச் சுளித்தார். எங்க அக்கா வெட்கப்பட்டால் அப்படித்தான் அதட்டுவாள் என்றேன்.

கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்துப் படிக்க இங்கே யாருக்கு நேரம்?

உன் தம்பி

(வாழ்த்துகள், அம்மையாரே. சட்டைக்கும், மற்றதற்கும். – வாத்தியார்)

மே 5

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கிண்டலைப் படித்துக் காட்டினேன், அம்மா கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். வரன் விஷயம் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை.

சட்டை வந்துவிட்டது என்று ரொம்ப முன்னால் போய் நிற்காதே. அதுவும் துணிதானே. பை வாய்த் தையல் சில சட்டையில் சரியாக விழவில்லை என்று பேச்சு. முடிந்தால் உன்னுடையதைப் பிரித்துப் பார்த்துத் திரும்பத் தைத்துக்கொள். தப்பில்லை. முகாம் கிடங்கிலிருந்து அதைப் பற்றி ஏதாவது சொன்னார்களா? எதையாவது மாற்றித் தருகிறோம் என்று கூப்பிட்டார்களா? கூப்பிட்டால் உடனே எழுது.

எனக்குத் தூக்கம் சரியில்லை, வெயில் காரணம்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்கா,

நலம். கிடங்கிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. எதை மாற்றுவது? புத்தம் புதுசு.

உன் தையலைப் பிரிப்பதா? நல்ல கதை. நீ போட்ட நைலான் நூல், பல்லால் கடித்தாலும் வராது. இழுத்துப் பார்த்துவிட்டேன், கல் மாதிரி இருக்கிறது. சரிபார்ப்பாளர் அம்மா தன் வேலையையே சந்தேகப்படுகிறார் என்று வாத்தியார் சிரிக்கிறார்.

அவருடைய சட்டையின் தோள்பட்டை அறுந்துவிட்டது. நாளைக்கு அவருக்கு முன்வரிசைக் காவல், ஒரு வாரம். என்னுடையதைக் கொடுக்கப் போகிறேன். வேண்டாம், உனக்கு வேண்டுமே என்றார். "எங்க அக்கா கை தச்சது, போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது" என்றேன். நான் இந்த வாரம் பின்னால் சமையல்கட்டில்தான், பயப்படாதே.

தம்பி

ஜூன் 2

தம்பி,

இதைப் படித்த நிமிடம் வாத்தியாரைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல். யாரும் அதைப் போட வேண்டாம். உள்ளே தகடு இல்லை. பலகை. முன்னாலும் பலகை, பின்னாலும் பலகை. நானூற்றிருபதிலும் அதேதான். நான்தான் தைத்து மூடினேன். திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் அவரைக் கூப்பிடு. தந்தி கொடுக்கப் போனேன், முகாமுக்குத் தந்தி வாங்க மாட்டோம் என்றார்கள்.

அக்கா

ஜூன் 21

வாத்தியார் மே 29 அன்று இறந்துவிட்டார். உன் கடிதம் ஜூன் 11 அன்று வந்தது.

அவரைத் தூக்கி வந்தபோது சட்டையைக் கழற்றினவன் நான். உன் மூன்று குறிக்கு ஒரு விரற்கடை கீழே ஓட்டை. கத்தியால் தையலை அறுத்தேன். பிளைவுட் பிளந்து கிடந்தது, ஒரு சிராய் என் விரலில் ஏறியது. பலகை ஓரத்தில் பென்சிலால் "சரி" என்று எழுதியிருந்தது. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை யார், தோழன் யார் என்று அங்கேதான் ஞாபகம் வந்தது. ஜனவரியில் நீயே எழுதியிருந்தாய், எல்லோருக்கும் படித்துக் காட்டியிருந்தேன். நான் மடையன், மறந்துவிட்டேன். அது என் தப்பு.

ஆனால் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்பது என் ஏப்ரல் கடிதத்தைப் பிரித்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு கடிதம் எழுதினாய். "வரன் விஷயம் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை" என்று எழுதினாய். யாரும் கடிதத்தைப் பிரிப்பதில்லை என்று நான் சொன்ன பிறகும் எழுதினாய். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். முழுங்கிப் பழகிய வாய்.

நாற்பத்தொரு சட்டையையும் பிரித்தோம், எண்பத்திரண்டு பலகை. கிடங்கில் போய்த் தகடு கேட்டோம். அங்கிருந்தவர் அட்டைகளை எடுத்துப் போட்டார். "தகடு பொருத்திச் சரிபார்க்கப்பட்டது", கீழே உன் கையெழுத்து. "பேப்பர்படி உங்களுக்குத் தகடு குடுத்தாச்சு தம்பி. குடுத்ததுக்கு மேல மறுபடி குடுக்க முடியாது." பலகையை மேசையில் வைத்துக் காட்டினேன். நீங்களே மாற்றி வைத்தீர்களா என்று கேட்டார். மறுபடி அந்தப் பதினொரு பழைய சட்டைதான். உன் கையெழுத்து அந்த அட்டையில் இருக்கும்வரை எங்களுக்குத் தகடு வராது.

இந்தக் கடிதத்தில் பிழை இருக்கும். திருத்த ஆள் இல்லை.

ஜூலை 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மார்ச் மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "மாசக் கடைசிக்குள்ள சட்டை போய்ச் சேர்ந்துடும்னு மேல சொல்லியாச்சும்மா. தகடு பின்னாலயே கிடங்குக்குப் போகுது. அங்க பிரிச்சு மாத்திக்குவாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க." அட்டையில் டம்மி என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். "எழுதினா வாங்க மாட்டாங்களே" என்றார். அந்தப் பதிலிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. தச்சர்கள் வந்து ஒரே வாரத்தில் எண்ணூற்று நாற்பது பலகை அறுத்தார்கள். நாலு மாதமாகத் தகடு கொடுக்க முடியாதவர்களால் பலகையை எப்படி அவ்வளவு சீக்கிரம் கொடுக்க முடிந்தது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வேலை நிரந்தரம் என்ற தாளை என் மேசையில் வைத்தார்.

கடிதத்தைப் பிரிப்பார்கள் என்று பயந்துதான் மறைத்து எழுதினேன் என்று இவ்வளவு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உனக்குப் புரிந்தால் நல்லது, புரியாவிட்டாலும் நான் சொல்லிவிட்டேன் என்று இருக்கும், அவ்வளவுதான் என் தைரியம். நீ மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தபோது அழுகை வந்தது, கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை நானே மன்னிக்க முடியவில்லை. கிடங்கில் மாற்றியிருப்பார்கள், மாற்றியிருப்பார்கள் என்று தினமும் நினைத்தே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

உன் கடிதம் வந்த அன்றே விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். சரிபார்த்தது பொய் என்று எழுதிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். "அதுக்குப் படிவம் இல்லையேம்மா" என்றார் குமாஸ்தா. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். நானூற்றிருபது அட்டையிலும் உள்ள என் கையெழுத்து செல்லாது என்று எழுதினேன். எங்கள் பெண்களில் ஒன்பது பேர் கீழே கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மேலாளரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அந்தம்மாதான் சரிபார்ப்பாளர், அவங்கதான் கையெழுத்து போட்டிருக்காங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வேலை போய்விட்டது. வழக்கு என் பேரில் மட்டும்தான் வரும் போலிருக்கிறது. வரட்டும். அட்டை செத்தால் போதும்.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பட்டறைக்கு விடுமுறை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வாத்தியார் வீட்டுக்கு நான் எழுதலாமா? முகவரி அனுப்பு. அனுப்ப மனமில்லாவிட்டால் என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டாதே.

அம்மா, இந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டுகிறவரிடம் ஒன்று சொல். ஒரு வரியும் முழுங்காமல் படிக்க வேண்டும். ஒரு வார்த்தை விட்டாலும் எனக்குத் தெரியும். இதோடு ஜனவரியிலிருந்து எனக்கு வந்த கடிதங்களையும் கட்டி அனுப்பியிருக்கிறேன். அதையும் படிக்கச் சொல். தேதி வாரியாக.

போன வாரம் தகடு வந்தது. பழைய அட்டைகளை ரத்து செய்துவிட்டார்களாம், யாரோ எழுதிக் கொடுத்தார்களாம். நாற்பத்தொரு பேருக்கு என்று அனுப்பியிருந்தார்கள், நாங்கள் இப்போது முப்பத்தெட்டுப் பேர்தான். வாத்தியாருக்குப் பிறகு போன இரண்டு பேரும் சட்டை முறை வராதவர்கள். கொண்டுவந்தவர்கள் பையில் போட்டுத் தைத்தே தந்தார்கள். யாரும் அப்படியே போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்து, பிரித்து, தகட்டைத் தட்டிப் பார்த்து, பிறகுதான் போட்டுக்கொண்டோம். இனி எதையும் அப்படித்தான் போடுவோம்.

வாத்தியார் வீட்டுக்கு நானே எழுதிவிட்டேன். சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் எழுதினேன். வேறு யாரும் எழுத வேண்டாம்.

நான் கிண்டல் செய்த அந்த வரன் என்னவாயிற்று என்று கேட்காதே அம்மா, அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

பிரித்த பையின் வாயை நானே தைத்துக்கொண்டேன். கோணலாகத்தான் வந்தது. பெருக்கல் குறி போடவில்லை.

உன் மகன்